அப்பாவுக்கு ஒரு குக்ரி

தமிழ் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கீழே வைக்க வேண்டும். மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மீறினால் இருவருக்கும் சண்டை வரும் என்பது பாட்டிமார் சொல்லிவைத்த எச்சரிக்கை. சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்பது இன்னொன்று. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி எடுப்பான், கைக்கடிகாரம் வாங்குவான். கத்தி வாங்கி நீட்டினால் வீடு இரண்டுபட்டுப் போகும்.

டேராடூனில் கதை வேறு. கர்ஹி கன்டோன்மென்டிலும் கிளெமென்ட் டவுனிலும் நகரைச் சுற்றிய கிராமங்களிலும் தலைமுறைகளாகக் கூர்க்கா குடும்பங்கள் வசிக்கின்றன. தசைன் பண்டிகைக்கு விடுமுறையில் வரும் சிப்பாய் மகனின் டிரங்குப் பெட்டியில் அம்மாவுக்குச் சால்வை, தங்கைக்குத் துணி, அவற்றுக்கு அடியில் பழைய துணியில் சுற்றிய ஒரு குக்ரி இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அது அப்பாவுக்கு. இது சடங்கு அல்ல. எல்லா வீட்டிலும் நடப்பதும் அல்ல. அப்பா வாய்விட்டுக் கேட்பதும் கிடையாது. ஆனால் அந்தப் பொட்டலம் பிரிக்கப்படும்போது, மகன் சொந்தக் காலில் நின்றுவிட்டான் என்ற செய்தி வீட்டுக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டுவிடுகிறது.

தமிழர்களுக்குக் கூர்க்கா என்றால் நினைவுக்கு வருவது வேறொரு ஆள். நள்ளிரவில் தெருவில் தடியைத் தட்டி, விசில் ஊதிக்கொண்டு போவார். மாதத்துக்கு ஒருமுறை பகலில் வந்து, உடைந்த தமிழில் பேசி, கொடுக்கிற சில்லறையை வாங்கிக்கொண்டு ஒரு சலாம் வைப்பார். அவர் பெயர் என்ன, ஊர் எது, தன் அப்பாவுக்கு அவர் என்ன வாங்கிப் போகிறார் என்றெல்லாம் தெருவில் யாரும் கேட்டதில்லை. கூர்க்கா என்பதே பெயராகிவிட்டது. இத்தனைக்கும், 8ஆம் கூர்க்கா ரைபிள்ஸின் சின்னத்தைப் பெருமையோடு சுமந்த ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக் ஷா கடைசிக் காலத்தைக் கழித்தது நீலகிரியில். 2008இல் இறந்த அவர் அடக்கமாகியிருப்பது உதகையில்.

வடக்கே மசூரி மலைத்தொடர், தெற்கே சிவாலிக் குன்றுகள். நடுவில் கிடக்கிறது டூன் பள்ளத்தாக்கு. பாசுமதிக்கும் லிச்சிப் பழத்துக்கும் பேர்போன இந்த ஊர், 2000 நவம்பரில் உத்தராகண்ட் பிறந்த பிறகு தலைநகராகி, தோட்டங்களைத் தின்று வீங்கிவிட்டது. மணிக்கூண்டைச் சுற்றி எந்நேரமும் வாகன நெரிசல். அதிலிருந்து விலகி சஹஸ்ரதாரா சாலையில் போனால், ரிஸ்பனா ஆற்றங்கரைக்கு அருகே வெள்ளை நிறத்தில் இரண்டு சிறிய தூண்கள் நிற்கின்றன. சுற்றுலாப் பேருந்துகள் இங்கே நிற்பதில்லை. கந்தக நீரூற்றில் குளிக்கப் போகும் அவசரம் அவற்றுக்கு. ஆனால் கூர்க்காக்கள் இந்த ஊருக்கு ஏன் வந்தார்கள், ஏன் தங்கினார்கள் என்பதெல்லாம் இந்தத் தூண்களில் தொடங்குகிறது.

1804 முதல் கட்வால் பகுதி நேபாளத்தின் கூர்க்கா ஆட்சியில் இருந்தது. கட்வாலிகள் அதை இன்றும் கொடுங்காலமாகத்தான் நினைவுகூர்கிறார்கள். 1814இல் கிழக்கிந்தியக் கம்பெனி போர் தொடுத்தது. நாலாபானி குன்றின் மேல் கலங்கா என்ற சிறு கோட்டை. உள்ளே பலபத்ர குன்வரின் தலைமையில் பெண்களும் குழந்தைகளும் சேர்த்து ஏறக்குறைய 600 பேர். அக்டோபர் 31 அன்று முதல் தாக்குதலிலேயே கம்பெனியின் தளபதி ஜில்லெஸ்பி குண்டடிபட்டு இறந்தார். ஒரு மாதம் பீரங்கிகள் முழங்கியும் கோட்டை பணியவில்லை. கடைசியில் தண்ணீர் வரும் வழியை அடைத்தார்கள். நவம்பர் 30 இரவு, மிஞ்சிய எழுபது பேரோடு பலபத்ரர் முற்றுகையைப் பிளந்துகொண்டு வெளியேறினார். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கிய அதே கம்பெனி, இரண்டு தூண்களை எழுப்பியது. ஒன்று ஜில்லெஸ்பிக்கும் அவரோடு மாண்டவர்களுக்கும்; மற்றொன்று எதிரியான பலபத்ரருக்கும் அவரது வீரர்களுக்கும். வென்றவன் தோற்றவனுக்குக் கல் நட்டது வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை.

இதில் பெருந்தன்மை மட்டுமல்ல, கணக்கும் இருந்தது. 1815இலேயே கம்பெனி கூர்க்காக்களைத் தன் படையில் சேர்க்க ஆரம்பித்தது. அப்படி உருவான சிர்மூர் பட்டாலியன் பின்னாளில் 2ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் ஆகி, டேராடூனையே தாய்வீடாகக் கொண்டது. ஓய்வு பெற்றவர்கள் இங்கேயே நிலம் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள். 1947இல் பாகப்பிரிவினை நடந்தது: பத்து ரெஜிமென்ட்டுகளில் ஆறு இந்தியாவுக்கு, நான்கு பிரிட்டனுக்கு. டேராடூன் ரெஜிமென்ட் பிரிட்டன் பக்கம் போய்விட்டது. டேராடூன் குடும்பங்கள் போகவில்லை. மகன்கள் மற்ற ரெஜிமென்ட்டுகளில் சேர்ந்தார்கள். இடையில் வேறு வழி போனவர்களும் உண்டு. பக்கத்து டோய்வாலாவின் துர்கா மல், பிரிட்டிஷ் படையை விட்டு நேதாஜியின் படையில் சேர்ந்து 1944இல் தூக்கிலேறினார்.

குக்ரி இந்த ரெஜிமென்ட்டுகளில் பெரும்பாலானவற்றின் சின்னத்தில் உண்டு. ஆனால் ராணுவம் கண்டுபிடித்த பொருள் அல்ல அது. மலை வீட்டில் விறகு பிளப்பதும் புதர் வெட்டுவதும் பூசணிக்காய் அரிவதும் ஆட்டுக்கறி துண்டு போடுவதும் அதுதான். கைப்பிடியோடு சேர்த்து ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. நம்மூர் அரிவாளைப் போலவே உள்பக்கம் வளைந்தது. எடை முழுவதும் முன்பக்கம். அதனால் ஓங்கினால் போதும், மீதி வேலையைக் கத்தியே பார்த்துக்கொள்ளும். உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் பார்க்காமல் திரும்பாது என்பது வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊதிவிட்ட கதை. அது உண்மையானால் மலையில் ஒரு வீட்டிலும் விறகு எரியாது.

கையால் செய்த நல்ல குக்ரி பெரும்பாலும் லாரியின் பட்டை ஸ்பிரிங்கிலிருந்துதான் பிறக்கிறது. பழைய ஸ்பிரிங்கைத் துண்டாக்கி, உலையில் பழுக்கக் காய்ச்சி, ஒருவர் இடுக்கியில் பிடிக்க மற்றவர் சம்மட்டியால் அடிக்கிறார். வடிவம் வந்த பிறகு நடப்பதுதான் வித்தை. மறுபடி சிவக்கக் காய்ச்சிய கத்தியை முழுவதுமாகத் தண்ணீரில் முக்குவதில்லை. ஒரு கெண்டியிலிருந்து கூர்முனை நெடுக மட்டும் தண்ணீரை மெல்ல ஊற்றுகிறார்கள். வெட்டும் ஓரம் இறுகிக் கடினமாகிறது. முதுகு மெதுவாக ஆறி, வளையும் தன்மையோடு நிற்கிறது. ஓரத்தில் கடினம் இல்லாவிட்டால் கூர் நிற்காது. முதுகில் நெகிழ்வு இல்லாவிட்டால் கட்டையில் மோதும்போது ஒடியும். எவ்வளவு சிவப்பில் ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. கண்தான்.

பிறகு எருமைக் கொம்பிலோ மரத்திலோ பிடி, தோல் போர்த்திய மர உறை. உறையின் பின்னால் இரண்டு குட்டிக் கத்திகள்: சில்லறை வேலைக்குக் கர்தா, கூர் தீட்டவும் நெருப்புப் பொறி எழுப்பவும் மழுங்கலான சக்மக். பிடியருகே கத்தியில் ஒரு சிறு வெட்டு இருக்கும். சிவனின் சூலம் என்பார்கள், பசுவின் குளம்பு என்பார்கள், ரத்தம் பிடிக்கு வழியாமல் தடுக்க என்பார்கள். எதைச் சொன்னாலும் வாங்குபவர் தலையாட்டுகிறார்.

இதைச் செய்பவர்களைப் பற்றி ரெஜிமென்ட் வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. பரம்பரையாகக் குக்ரி அடிப்பவர்கள் காமி என்ற கொல்லர் சாதியினர். பலர் விஸ்வகர்மா என்று பெயரோடு சேர்த்துக்கொள்கிறார்கள். நேபாளத்தில் தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்டவர்கள். 1963இல் சட்டம் மாறியும் வழக்கம் லேசில் மாறவில்லை. ஒரு தேசத்தின் அடையாளத்தை அடித்துக் கொடுத்த கை, அந்த தேசத்தின் பல வீடுகளில் தண்ணீர்க் குடத்தைத் தொட முடியவில்லை. மகன் தந்தைக்குக் கொண்டுபோகும் அன்பளிப்பில் இந்தக் கணக்கும் தீராமல் கிடக்கிறது. இன்று டேராடூனிலேயே குக்ரி தயாரிக்கும் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. 1943இல் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம் வாளும் குக்ரியும் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. என்றாலும் அப்பாவுக்கு வாங்குபவர்கள் கூடுமானவரை உலைக்களத்தில் அடித்ததையே தேடுகிறார்கள். பளபளப்பை அப்பா மதிக்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற சிப்பாயின் வீட்டில் ஏற்கெனவே ஒரு குக்ரி இருக்கும். பிரிவுபசாரத்தின்போது மரப்பலகையில் பதித்து, சின்னம் பொறித்துக் கொடுத்தது. அது சுவரில் தொங்குகிறது, யாரும் தொடுவதில்லை. வேலை செய்யும் குக்ரி கொல்லையில் இருக்கிறது. வருடக்கணக்காகத் தீட்டித் தீட்டி, அதன் வயிறு ஒட்டிப்போயிருக்கும். மகன் வாங்கி வருவது இந்த இரண்டாவதற்கு மாற்று. சுவருக்கு அல்ல, கொல்லைக்கு.

தசைன் நாளில் கொடுப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. தமிழ்நாட்டில் ஆயுத பூஜை நடக்கும் அதே நவமியன்று கூர்க்கா வீடுகளிலும் கருவிகளுக்குப் பூசை. மறுநாள் தசமி. மூத்தவர்கள் இளையவர்களின் நெற்றியில் அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்த திலகத்தை அப்பி, நம்மூர் முளைப்பாரி போல இருட்டில் வளர்த்த வாற்கோதுமை நாற்றைச் சூட்டி, கையில் பணம் வைக்கிறார்கள். அன்று எல்லாம் மேலிருந்து கீழேதான் வரும்: ஆசி, பணம், புத்திமதி. மகனின் குக்ரி மட்டும் எதிர்த்திசையில் போகிறது. கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துவிடும், ஒரு காசாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மேலைநாடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே அந்தக் கவலைக்கே இடமில்லை. திலகத்தோடு அப்பா கொடுக்கும் தட்சிணையில் அது நேராகிவிடும்.

இந்த எதிர்த்திசைப் பயணத்துக்குத்தான் இப்போது சிக்கல். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பணி நான்கே ஆண்டுகள். அதிகபட்சம் 25 சதவீதத்தினர் மட்டும் தொடரலாம். மற்றவர்களுக்கு ஒரு தொகை, ஓய்வூதியம் கிடையாது. 1947ஆம் ஆண்டின் முத்தரப்பு ஒப்பந்தத்துக்கு இது பொருந்துமா என்று கேட்ட நேபாளம், அந்த ஆகஸ்டில் ஆள்சேர்ப்பை ஒத்திவைக்கச் சொன்னது. கொரோனா காலத்தில் ஏற்கெனவே நின்றிருந்த நேபாளத் தேர்வு அதன்பின் நடக்கவில்லை. டேராடூன் பையன்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் இருபத்தைந்து வயதுக்குள் வெளியே வந்து நிற்பார்கள். முதல் அணிகளின் நான்காண்டு 2026 முடிவிலிருந்து நிறைவடைகிறது.

பதினைந்து வருடம் சேவை செய்து, ஹவில்தாராகி, ஓய்வூதியத்தோடு வந்த தந்தைக்கு இது எளிதில் பிடிபடாத கணக்கு. அவர் வேலையை ராணுவம் கொடுத்தது. வீட்டை ஓய்வூதியம் கட்டியது. மகன் முதல் தசைனுக்குக் குக்ரி கொண்டுவரும்போது, ஐந்தாவது தசைனுக்கு அவன் எந்தச் சீருடையில் வருவான் என்ற கேள்வியும் பெட்டியோடு வந்து இறங்குகிறது. பாதுகாப்பு நிறுவனத்தில் காவலாளியாகவா, வளைகுடாவிலா, பெங்களூர் ஓட்டல் ஒன்றிலா? தாத்தா சீருடையைக் கழற்றிய பிறகு எந்தத் தெருவில் விசில் ஊதினார் என்பதைச் சில வீடுகளில் இன்னும் மறக்கவில்லை.

ராணுவத்துக்குப் போகாத பிள்ளைகளும் வாங்குகிறார்கள். விமானத்தில் கைப்பையில் கத்திக்கு அனுமதி இல்லை என்பதால், ஊரில் இறங்கிய பிறகு பல்டன் பஜார் பக்கம் போய்விட்டு வீட்டுக்கு நடக்கிறார்கள். கொடுக்கும்போது பேச்சு அதிகம் இருக்காது. அப்பா உறையை இடது கையில் வாங்குகிறார். விரல்கள் உறையின் கூர்ப்பக்கம் சுற்றிக்கொள்ளாமல் முதுகுப்பக்கம் படிகின்றன. தவறாகப் பிடித்து உருவினால் கத்தி உறையைக் கிழித்து விரலையும் அறுக்கும். மகனுக்கு இது சிறுவயதிலேயே தெரியும். இருந்தாலும் ஒருமுறை சொல்லிக் காட்டுகிறார். பிறகு கூரைக் கட்டைவிரலால் குறுக்கே தடவிப் பார்த்துவிட்டு, விறகுக் குவியலை நோக்கிப் போகிறார்.