படிப்பா, விளையாட்டா?

கண்டியில் நாம் கற்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் அறையில் ஓர் அலுமாரி உண்டு. அதன் மேற்றட்டில், பழைய வினாத்தாள்களுக்கு அடியில், நரம்பு தளர்ந்த டெனிஸ் மட்டையொன்று கிடக்கிறது. அதை அங்கே வைத்துப் பூட்டியவர் நாமே.

ஹந்தானை மலைச்சரிவில் லயன் வீடொன்றிலிருந்து வந்த மாணவனுக்குரியது அது. மாலை வேளைகளில் நகரத்து டெனிஸ் களமொன்றில் பந்து பொறுக்கி நாலு காசு தேடுவான். பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றான். எவரோ கழித்துக் கொடுத்த மட்டையால் பாடசாலையின் பின்சுவரில் பந்தை அடித்தடித்துப் பழகினான். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியபோது கணிதத்தில் அவன் புள்ளிகள் சரிந்தன. கொழுந்து பறிக்கும் அவன் தாய் நம்மைத் தேடி வந்தாள்.

“படிச்சாத்தான் சேர் இவன் மலைய விட்டு எறங்குவான். பந்தடிச்சா சோறு கெடைக்குமா?”

நியாயமான கேள்வி. மட்டையை வாங்கிப் பூட்டினோம். “பரீட்சை முடிஞ்சதும் குடுப்பீங்கதானே சேர்?” என்று மட்டும் கேட்டான் அவன்.

அத்தாயின் கேள்விக்கு உலகில் வேறு விடையும் உண்டு என்பதைச் சோம்தேவ் தேவ்வர்மனின் வாழ்க்கையை அறிந்தபோதுதான் உணர்ந்தோம். 1985இல் குவாஹாத்தியில் பிறந்து, சிறு வயதிலேயே சென்னையில் ஆட்டம் பயின்ற அவர், அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, திறமை மிக்க ஆட்டக்காரருக்குப் புலமைப்பரிசில் வழங்குகின்றன. பயிற்றுநரையும் களத்தையும் போட்டிகளையும் தருகின்றன. ஆயினும் வகுப்பில் தேறாதவன் போட்டியில் இறங்க முடியாது. படிப்பும் ஆட்டமும் அங்கே ஒரே கயிற்றின் இரு புரிகள்.

அகில அமெரிக்கக் கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டத்தில் 2006இல் சோம்தேவ் தோற்றார். 2007இல் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தின் ஜோன் இஸ்னரை, அவருடைய சொந்த மண்ணிலேயே, மூன்று செற்கள் போராடி வென்றார். 2008இல் மீண்டும் வாகை சூடினார். அப்பருவத்தில் ஆடிய 45 ஆட்டங்களில் 44 வெற்றி. அதே ஆண்டில் சமூகவியற் பட்டமும் பெற்றார். அதன் பின்னரே டெனிஸைத் தொழிலாக வரித்துக்கொண்டார்.

பதினேழு பதினெட்டு வயதிலேயே தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைவோர் பலர். சோம்தேவுக்கு அப்போது வயது 23. தாமதம் அவரைத் தடுத்துவிடவில்லை. 2009இல் சென்னைப் போட்டியில் சிறப்பு அனுமதியுடன் ஆடி, முன்னாள் முதனிலை வீரர் கார்லோஸ் மோயாவை வீழ்த்தி, இறுதியாட்டம் வரை சென்றார். 2010இல் டில்லிப் பொதுநலவாய விளையாட்டில் ஒரு தங்கம். குவாங்சோ ஆசிய விளையாட்டில் இரு தங்கங்கள். 2011இல் உலகத் தரவரிசையில் 62ஆம் இடம். 2012இல் தோள்பட்டைக் காயம் அவ்வாண்டின் பெரும் பகுதியைத் தின்றது. உலகச் சுற்றுப் போட்டிகளில் ஒற்றையர் பட்டம் ஒன்றேனும் வெல்லாமலே 2017இன் முதல் நாளில் ஓய்வை அறிவித்தார்.

எத்துணை உறுதியானவனையும் ஒரு காயம் சாய்த்துவிடும் தொழில் இது. அங்ஙனம் சாய்ந்தாலும் காலூன்ற அவருக்குக் கல்வி இருந்தது. தாய் கேட்ட சோற்றுக்கு விடை அதுவே.

சோம்தேவ் லயத்திலிருந்து வந்தவரல்லர். பயிற்சிக்கு வழியுள்ள குடும்பத்துப் பிள்ளை. அவர் வசதியை நம் மாணவனின் வறுமையோடு ஒப்பிடுதல் தகாது. நாம் சொல்ல வந்தது வேறு. ‘படிப்பா, விளையாட்டா?’ என்ற கேள்வியை வசதியுள்ள வீடுகளின் பிள்ளைகளிடம் எவரும் இவ்வளவு கடுமையாகக் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்துத் தர மனமில்லாத சமுதாயம், ஏழைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டும் நுகத்தடி அது. அந்த நுகத்தடியை மாட்டிய கைகளில் நம்முடையதும் ஒன்று.

மட்டையைப் பூட்டியதால் அவன் புள்ளிகள் உயரவில்லை. சுவரில் பந்தடித்த மாலைகளே அவனைப் பாடசாலையோடு பிணைத்திருந்தன போலும். பிறகு அவன் வரவே குறைந்தது. பரீட்சையிலும் தேறவில்லை. கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான் என்று கேள்வி. மட்டையைக் கேட்டு அவன் வரவில்லை.

அவன் பெரும் வீரனாகியிருப்பான் என்று நாம் சாதிக்கவில்லை. ஆகியிருப்பானா என்பதை அறியும் வாய்ப்பையே பூட்டிவிட்டோம் என்பதுதான் நம் குற்றம். மாலையில் ஒரு மணி நேரம் கணிதம், ஒரு மணி நேரம் மைதானம் என்று அவனுக்கு வகுத்துக் கொடுக்க நமக்குப் பணம் தேவைப்பட்டிருக்காது. மனம் போதியதாக இருந்திருக்கும். ஆசிரிய நண்பர்களே, உங்கள் அலுமாரிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.