அஞ்சு குஞ்சு போச்சு

தை மாதம் காகக் கறுப்புச் சிறுவிடைப் பெட்டையை அடை வைத்தேன். சேவலும் அதே கறுப்பு. 21-ஆம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது. பார்த்தால் முதுகு மட்டும்தான் கறுப்பு. வயிறும் இறக்கை நுனியும் வெளிர் மஞ்சள். கலப்பு விழுந்துவிட்டதென்று அஞ்சைச் சந்தையில் தள்ளிவிட்டேன்.

"இறகு மாத்துற வரைக்கும் பொறுக்க மாட்டியாடா?" என்றார் அம்மா.

மிச்சம் நாலும் இன்று அட்டக்கரி. கறுப்புக் கோழிக்குக் குஞ்சில் வயிறு வெளுத்துத்தான் இருக்குமாம். முதல் இறகில் தெரியும் வெள்ளையும் உதிர்ந்து கறுப்பாகவே முளைக்கிறது.

அணில் மாதிரி முதுகில் கோடு போட்ட குஞ்சு வேறு கதை. அது காட்டுக்கோழியின் பழைய நிறம். குஞ்சில் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வளர்ந்தால் பெட்டை மண்நிறம், சேவலுக்குச் செம்பொன் கழுத்து, கருநெஞ்சு.

இப்போது குஞ்சுக்குக் குஞ்சு காலில் கலர் நூல் கட்டி, பொரித்த அன்றைய நிறத்தை நோட்டில் குறிக்கிறேன். கால் தடிக்கத் தடிக்க நூலை மாற்ற வேண்டும். ஆறு மாதம் ஆகாமல் எதையும் கழிப்பதில்லை.

சந்தையில் வாங்கியவர் நேற்று போட்டோ அனுப்பினார். அஞ்சும் கன்னங்கரேல். வயிற்றெரிச்சல்!