ஒப்பனையும் பாத்திரமும் - கூத்துக் களரியிலிருந்து தொலைக்காட்சித் திரை வரை

நாடகக் கலையின் கூறுகளுள் ஒப்பனை பெரும்பாலும் ஒரு புறக்கூறாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் வடமொழி நாட்டிய நூலார் அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆகார்யம், சாத்விகம் என நான்காக வகுத்தபோது, உடை, அணி, முகப்பூச்சு ஆகியவற்றை ஆகார்யம் எனத் தனியே நிறுத்தினர். நடிகன் வாய் திறக்குமுன்னரே அவன் யார், எத்தகையோன் என்பதை அவைக்கு உணர்த்திவிடுவது அதுவே. வன்னிப் பெருநிலப்பரப்பின் கலைவாழ்வில் இவ்வுண்மையை இரு வேறு இடங்களிற் காணலாம். ஒன்று கோயில் வீதியிற் போடப்படும் கூத்துக் களரி. மற்றையது இன்று வீடுதோறும் இருக்கும் தொலைக்காட்சி.

மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்த காத்தவராயன் கூத்து வன்னி மக்கள் நன்கறிந்தது. விடியும்வரை நீளும் அக்கூத்தில் காத்தவராயனாக ஒருவர் மட்டும் ஆடுவதில்லை. கதை வளர வளர வெவ்வேறு நடிகர் அப்பாத்திரத்தை ஏற்பர். முகம் மாறினும் பாத்திரம் மாறவில்லை என்பதை அவைக்கு உணர்த்துவன உடையும் ஒப்பனையும் பாட்டின் மெட்டுமேயாம். அன்றியும், ஆரியமாலையை அடையும்பொருட்டுக் காத்தவராயன் தானே மாறுவேடம் பூணுகின்றான். ஆதலின் அங்கு ஒப்பனைக்குள் மற்றோர் ஒப்பனை தோன்றுகின்றது. பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில், மணலில் தொலைவிருந்து பார்ப்போருக்கு எட்டவேண்டியிருந்தமையால், கூத்தின் ஒப்பனை அழுத்தமான நிறங்களையும் கோடுகளையும் நாடியது.

தொலைக்காட்சி இந்நிலையைத் தலைகீழாக்கிற்று. இலங்கையில் ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியபோதும், போர்க்காலத்திற் பல்லாண்டுகள் மின்சாரமின்றி இருந்த வன்னியில் அது வேரூன்றக் காலம் சென்றது. 2009க்குப் பின்னர் மீள்குடியேறிய வீடுகளில் மாலைப்பொழுதை நிரப்பியவை பெரும்பாலும் சென்னைத் தொடர்நாடகங்களே. அவற்றுள் 2013 முதல் 2018 வரை ஒளிபரப்பான ‘வாணி ராணி’ இங்கு நோக்கத்தக்கது. அதில் இரட்டைச் சகோதரியராக ராதிகா ஒருவரே நடித்தார். வழக்கறிஞரான வாணியையும் இல்லத்தரசியான ராணியையும் வேறுபடுத்திக் காட்டும் பொறுப்பின் ஒரு பகுதியை உடையும் கூந்தலமைப்பும் முகஒப்பனையும் ஏற்றன. கூத்தில் பல முகங்களை ஒரு பாத்திரமாக இணைத்த ஒப்பனை, திரையில் ஒரு முகத்தை இரு பாத்திரங்களாகப் பிரித்தது. கருவி ஒன்றே, தொழில் வேறு.

ஆயினும் தொடர்நாடகங்களின் ஒப்பனை காலப்போக்கில் ஒரு வாய்பாடாக இறுகிவிட்டமை மறுக்கவியலாதது. சூழ்ச்சிக்காரிக்குத் தடித்த கண்மையும் அடர்ந்த உதட்டுச் சாயமும் பெரிய பொட்டும்; நற்குணத்தாளுக்கு எளிய சேலையும் திருநீறும் வகிட்டிற் குங்குமமும்; கணவனை இழந்தவளுக்கு வெறும் நெற்றி. அண்மைக் காட்சியில் ஒரு கண்ணிமையின் அசைவைக்கூடக் காட்டவல்ல கருவி, கூத்துக் களரியின் அழுத்தமான கோடுகளையே மீண்டும் வரைகின்றது. கூத்தில் அக்கோடுகளுக்குத் தொலைவு என்னும் காரணம் இருந்தது. திரையில் அக்காரணம் இல்லை.

இவ்விடத்தில் கண்ணகியை நினைவுகூர்தல் பொருந்தும். முல்லைத்தீவு வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் கொள்ளும் தெய்வம் அவளே. அப்பகுதியில் ஆடப்பட்டுவந்த கோவலன் கூத்தின் தலைவியும் அவளே. சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கோவலன் மாதவியிடம் சென்றபின் கண்ணகியின் கண் மையை மறந்தது, நெற்றி திலகத்தை இழந்தது, கூந்தல் நெய்யை மறந்தது என்கின்றார் இளங்கோவடிகள். அவள் அப்போது விதவையல்லள். கணவன் அதே நகரில் உயிருடன் இருக்கின்றான். ஒப்பனை நீங்கியமை அவளது நிலையைக் குறிக்கவில்லை, நெஞ்சத்தையே குறித்தது. ஒப்பனையின் இன்மையும் ஓர் ஒப்பனையாகப் பேசும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இந்நுட்பத்தை இழந்த வாய்பாடு வன்னிக்கு எவ்வளவு பொருந்தாதது என்பதை வன்னிப் பெண்களின் வாழ்வே காட்டும். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். காணாமலாக்கப்பட்ட கணவனைத் தேடும் மனைவி பொட்டிட்டால் ஊர் ஒன்று நினைக்கின்றது. இடாவிடின் அவன் இல்லையென்று அவளே ஒப்புக்கொண்டதாகின்றது. பொட்டு உண்டு, இல்லை என்னும் இரண்டே குறியீடுகளை அறிந்த திரை, அவளை எவ்வாறு காட்டும்? நாள்தோறும் அத்திரையைப் பார்த்துப் பழகிய கண்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நெற்றியையும் அவ்வாறே படிக்கத் தொடங்குகின்றன என்பதே இதிலுள்ள பெருந்தீங்கு.

பல்கலைக்கழகங்களில் நாடகமும் அரங்கியலும் பயிலும் இளையோர் நாளை இம்மண்ணின் கதைகளைத் திரைக்குக் கொணர்வர். அவர்கள் ஒப்பனைப் பெட்டியைத் திறக்குமுன், எந்த நிறத்தைப் பூசுவது என்பதோடு, எந்த முகத்தை வாளா விடுவது என்பதையும் எண்ணுதல் வேண்டும். கூத்து மரபும் இளங்கோவின் காப்பியமும் அதற்கு வழிகாட்டப் போதியன.