கடற்காற்றுக்கு ஏற்ற ஜெட்

டூ ஸ்ட்ரோக் வண்டி எதற்காக மக்கர் பண்ணினாலும் பழி முதலில் பிளக் மேல்தான் விழுகிறது. "அண்ணே, பிளக்கை மட்டும் மாத்திக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் பையன்கள் பட்டறைக்குள் வருகிறார்கள். மாற்றினால் வண்டி சில நாள் ஓடும், பிறகு பழையபடி இழுக்கும். கோளாறு கார்பரேட்டரிலோ காற்றுக் கசிவிலோ இருக்கும்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிளக்கும் தாங்காது.

காரைக்காலில் என் கைக்கு வருவதில் பெரும்பாலானவை யமஹா ஆர்எக்ஸ் 100. 1985இல் எஸ்கார்ட்ஸ் வழியாக இந்தியாவுக்கு வந்து 1996 வரை விற்ற வண்டி; 98 சிசி, 11 குதிரைசக்தி. வெளிநாட்டு டர்ட் பைக்கை இங்கே பார்ப்பதே அபூர்வம். பையன்கள் ஆர்எக்ஸுக்கே பட்டன் டயர் போட்டு, முன் மட்கார்டை உயர்த்தி, மண்ணில் ஓட்டத் தோதாக மாற்றிக்கொள்கிறார்கள். சாலைக்கென்று கம்பெனி வைத்த அளவுகள் மணலுக்கு ஒத்துவராது என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

பிளக்கில் எழுதியிருக்கும் எண்ணைப் பலர் தீப்பொறியின் பலம் என்று நினைக்கிறார்கள். அது சூட்டைப் பற்றியது. எரியறையில் பிளக் வாங்கும் சூட்டை எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பிளக்கின் முனை சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரியும் ஆயிலும் எரியாமல் படிந்து அடைத்துக்கொள்ளும். 850ஐத் தாண்டினால் தீப்பொறி வருமுன்னே கலவை பற்றிக்கொள்ளும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அங்கேதான். என்ஜிகேயில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சியானது, 7ஐவிட 8 குளிர்ச்சி. பாஷில் இதற்கு நேர்மாறு, எண் ஏறினால் சூடு. ஆனால் பழைய மைக்கோ டபிள்யூ 175, 225 காலத்துக் கணக்கில் பெரிய எண்தான் குளிர்ச்சி. கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தால் இந்தக் குழப்பத்தில் ஒரு பிஸ்டன் கிட்டே போய்விடும். மரையின் நீளத்தையும் பார்க்கவேண்டும். ஆர்எக்ஸுக்கு என்ஜிகேயில் எச் எழுத்து, 12.7 மில்லிமீட்டர். இ எழுத்து போட்ட 19 மில்லிமீட்டர் பிளக்கைத் தெரியாமல் முறுக்கினால் பிஸ்டனில் போய் இடிக்கும்.

அடுத்தது காற்று. கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டுக்குப் பெங்களூரில் யாரோ சொன்ன எண்ணை எழுதிக்கொண்டு வந்து "இதையே போடுங்க" என்பார்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்குக் காற்றின் அடர்த்தி எட்டொன்பது சதவீதம் குறைவு. அங்கே சரியாக இருந்த மெயின் ஜெட் அரசலாற்றுக் கரையில் பெட்ரோல் போதாமல் லீனாகிவிடும். லீனான வண்டி கேட்க இனிமையாக இருப்பதுதான் ஆபத்து. ரேஸ் கூர்மையாக ஏறும், பிக்கப் துள்ளும். பையன் சந்தோஷமாக முறுக்குவான், ஐந்தாறு கிலோமீட்டரில் பிஸ்டன் ஜாம்.

நம் ஊருக்குள்ளேயே காற்று ஒரே மாதிரி இருப்பதில்லை. கார்த்திகை விடியலில் 24 டிகிரி, கத்திரி வெயிலில் 38. இந்த வித்தியாசத்தில் மட்டும் காற்றின் அடர்த்தி நாலரை சதவீதம் மாறும். அதன்மேல் புழுக்கம். கடலோரத்தில் வியர்வை காயாத நாட்களில் நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் நீராவிதான். அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைகிறது. அதனால் கோடையில் கலவை தானாகவே பெட்ரோல் விகிதம் கூடிக் கொஞ்சம் ரிச்சாகிறது, மார்கழியில் லீனாகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவை வைக்கச் சொன்னால் நான் ரிச் பக்கமே சாய்வேன். புகை கொஞ்சம் கூடினால் பிளக்கைத் துடைத்துக்கொள்ளலாம், உருகிய பிஸ்டனை என்ன செய்வது?

மணலில் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் கடற்கரை மணலில் வண்டி புதைந்து இழுக்கும்போது திராட்டில் முழுதாகத் திறந்திருக்கும், வேகமோ ஆள் ஓடும் வேகம்தான். சிலிண்டர் ஃபின்களுக்குக் காற்றுப் படாது, சூடு ஏறிக்கொண்டே போகும். சாலைக்கு வைத்த மெயின் ஜெட்டிலிருந்து ஒரு படி பெரிதும், பிளக்கில் ஒரு எண் குளிர்ச்சியும் அங்கே வேண்டும். மறுநாள் அதே வண்டியில் காலேஜுக்குப் போவதானால் பழையதை மாட்டிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு சிக்னலில் பிளக் நனைந்து நின்றுவிடும்.

ஜெட்டைத் தொடுமுன் காற்றுக் கசிவைப் பார்த்துவிடுவேன். திராட்டிலை விட்டபிறகும் ரேஸ் இறங்காமல் நின்றால் கார்பரேட்டரைத் திறக்கவே மாட்டேன். மேக்னெட் பக்க கிராங்க் ஆயில் சீலைத்தான் சந்தேகிப்பேன். அந்த சீல் விட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையை லீனாக்கும். கியர் பக்க சீல் விட்டால் கதை வேறு: கியர் ஆயிலை இழுத்து எரிக்கும், வெள்ளைப் புகை தள்ளும், பெட்டியில் ஆயில் மட்டம் இறங்கும். கசிவை அடைக்காமல் பெரிய ஜெட் போட்டுச் சமாளித்த வண்டிகள் வருகின்றன. அவற்றை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது.

கசிவு இல்லையென்றால் கீழிருந்து மேலே போவேன். எஞ்சின் சூடேறியபின் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி எங்கே ரேஸ் அதிகம் என்று கேட்பேன். ஒரு சுற்றுக்குள்ளேயே அது கிடைத்தால் ஸ்லோ ஜெட் சிறியது, இரண்டரையைத் தாண்டினால் பெரியது. கால் திராட்டிலிலிருந்து முக்கால் வரை நீடிலின் ராஜ்யம்; கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் நீடில் இறங்கி லீனாகும். ஓட்டத்தில் பெரும்பகுதி இங்கேதான் என்பதால் நான் அதிக நேரம் செலவிடுவதும் நீடிலில்தான். மெயின் ஜெட் கடைசி.

மெயின் ஜெட்டுக்குப் பிளக்கையே கேட்கவேண்டும். விடியற்காலையில் ஆளில்லாத நேர்ச்சாலையில் புதுப் பிளக்கோடு நாலாவது கியரில் முழுத் திராட்டில். பிறகு கிளட்சைப் பிடித்து அதே நொடியில் சாவியை அணைப்பேன். ஐடிலில் உருட்டிக்கொண்டு வந்தால் நிறம் பொய்யாகிவிடும். பீங்கானின் நுனி காப்பிப்பொடி நிறத்தில் இருக்கிறதா என்று மட்டும் பலர் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அதன் அடிவேரை. ஆக்ஸா பிளேடால் மரைப் பகுதியை அறுத்தால்தான் அது தெரியும். அங்கே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் பழுப்பு வளையம் ஓடினால் கலவை சரி. வளையமே இல்லையென்றால் லீன், கரி மேலே வரை ஏறியிருந்தால் ரிச். எர்த் கம்பியின் நிற மாற்றம் பிளக்கின் சூட்டைச் சொல்லும்: கோடு வளைவுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும், நுனியிலேயே நின்றால் பிளக் குளிர்ச்சி அதிகம், மரையை நெருங்கினால் சூடு அதிகம். பீங்கானில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளிப் பொட்டுகள் மின்னினால் வண்டியை அப்போதே நிறுத்தவேண்டும். அது பிஸ்டனின் அலுமினியம்.

ஆட்டோலூப் பம்பைக் கழற்றிவிட்டு டூ டி ஆயிலை டேங்கிலேயே கலப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பாதுகாப்புக்கென்று ஆயிலைக் கூட்டினால் ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைகிறது, கலவை லீனாகிறது. லிட்டருக்கு 40 மில்லி என்றால் ஏறக்குறைய நாலு சதவீதம்.

இப்போது பெட்ரோலும் மாறிவிட்டது. விலை குறைவென்று நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்தும் காரைக்கால் பங்குகளில் வந்து நிரப்புகிறார்கள். வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று, எத்தனாலுக்கு 9, இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. ஜெட்டை மாற்றாவிட்டால் எட்டு சதவீதம்வரை லீன். பழைய ஆர்எக்ஸ்களுக்கு மெயின் ஜெட்டை ஒரு படியாவது ஏற்றாமல் நான் அனுப்புவதில்லை. எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். இந்தக் கரையில் இரண்டு வாரம் நின்ற வண்டியின் பவுலைக் கழற்றினால் அடியில் தண்ணீர்முத்துகள் உருளும், பித்தளையில் பச்சை படிந்திருக்கும். முதலில் அடைவது ஸ்லோ ஜெட், அதன் துளைதான் மிகச் சிறியது. அதைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை ஒருமுறை அகண்டுவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. மெல்லிய தூண்டில் நரம்பை நுழைத்து இழுத்துக் காற்றடித்தால் போதும். நிறுத்திவைக்கும் வண்டி என்றால் பெட்ரோல் காக்கை மூடி, பவுல் காலியாகும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள்.