முழந்தாளிடும் வீடு

தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் குழந்தைக்குப் பேச்சு வருமுன்பே சிலுவை அடையாளம் வந்துவிடுகிறது. ஆச்சி அதை மடியில் வைத்து, வலது கையைத் தன் கைக்குள் பிடித்து, நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று தொட்டுக் காட்டுகிறாள். கொஞ்ச நாளில் குழந்தை தானே கையைத் தூக்குகிறது. நெற்றிக்குப் போக வேண்டிய கை மூக்கோடு நின்றுவிடும். சில வேளை இடக்கை முந்திக்கொள்ளும். வீட்டார் சிரித்துக்கொண்டே திருத்துகிறார்கள். திரு இருதய ஆண்டவர் படத்தின் முன்னால் தூக்கிப் பிடித்தால் எட்டி முத்தம் கொடுக்கிறது. கடவுள் யாரென்று எவரும் அதற்கு இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் இந்த வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் தலைகுனிந்து பேசுகிற ஒருவர் இருக்கிறார் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் கரையில் செபம் வேரூன்றியதே பிள்ளைகளால்தான் என்று சொல்லலாம். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அந்தக் கரையின் மீனவர்களான பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வந்தவருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை அவரே மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்தார். மணி கேட்டு முதலில் ஓடிவந்தவர்கள் பிள்ளைகள். சாப்பிடவும் தூங்கவும் குருவாகத் தாம் அன்றாடம் சொல்ல வேண்டிய கடமைச் செபத்தைச் சொல்லவும்கூட விடாமல், செபம் கற்றுத்தரச் சொல்லி அவர்கள் தம்மைச் சூழ்ந்துகொண்டதாக அதே ஆண்டு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிடுகிறார். கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளை அனுப்பினார். நோயாளிகள் வீட்டுக்குத் தாம் போக முடியாத நாள்களில் அவர்களையே போய்ச் செபிக்கச் சொன்னார்.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்றுதான் விசுவாசம் போகும் என நினைக்கிறோம். அங்கே அது பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் போனது. இன்றும் பங்குகளில் அது நடக்கிறது. மகள் புதுநன்மைக்குத் தயாராகும்போது, பல ஆண்டுகளாகக் கோவில் பக்கம் வராத அப்பா அவளிடம் விசுவாச மந்திரம் ஒப்பிக்கக் கேட்கிறார். நடுவில் அவள் தடுமாறும்போது எடுத்துக்கொடுக்க அவருக்கும் வரவில்லை என்றால், அன்றிரவு இருவருமாக உட்கார்ந்து படிக்கிறார்கள்.

சவேரியாருக்குப் பின் இந்தக் கரையில் உழைத்த இயேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கசு 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’தான் இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். பதினாறே பக்கம். மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’, மார்க்கோசு சோர்சு என்பவர் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்காகவே போர்த்துக்கீசியத்தில் கேள்வியும் பதிலுமாக எழுதிய ஞானோபதேசத்தைத் தழுவியது. ஒரு சிறுவன் கேட்டும் சொல்லியும் கற்க வேண்டும் என்று ஒருவர் பட்ட அக்கறை, தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்திலேயே பதிந்திருக்கிறது.

பொருள் தெரியாமல் ஒப்பிப்பதில் என்ன பயன் என்று இன்றைய பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெறும் ஒப்பித்தலோடு நின்றுவிட்ட செபம் வாயளவில் தங்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் நான்கு வயதில் மனதில் ஏறிய பரலோக மந்திரத்தின் முழுப் பொருளும் நாற்பது வயதிலும் ஒருவருக்குப் பிடிபட்டுவிடுவதில்லை. மன்னிப்பைப் பற்றிய பகுதி, ஒருவர் தமக்குத் துரோகம் செய்தபிறகுதான் உறைக்கிறது. அன்றாட உணவைப் பற்றியது, வேலை போன மாதத்தில் உறைக்கிறது. அந்த நாள் வரும்போது சொற்கள் கைவசம் இருக்க வேண்டும். அதற்காகவே அவை முன்கூட்டி வந்து சேர்கின்றன.

மனப்பாடத்தைவிடப் பெரிய கேடு வேறிடத்தில் இருக்கிறது. ‘பால் குடிக்கலைன்னா சாமி கண்ணைக் குத்தும்’, ‘தங்கச்சிய அடிச்சா சாமி பாத்துட்டே இருக்கும்’ என்று எல்லா மதத்து வீடுகளிலும் சொல்கிறார்கள். கத்தோலிக்க வீடுகளும் விலக்கல்ல. சோறூட்டும் அவசரத்தில் சொல்வதுதான். ஆனால் பகல் முழுக்கக் கண்ணைக் குத்தக் காத்திருந்த ஒருவரை, மாலையில் ‘தந்தையே’ என்று எப்படி அழைக்கும் அந்தப் பிள்ளை? தம்மிடம் கொண்டுவந்த குழந்தைகளைச் சீடர்கள் அதட்டியபோது இயேசு கோபப்பட்டதாக மாற்கு நற்செய்தி சொல்கிறது. அந்தக் கோபம் பெரியவர்கள்மேல். பிள்ளைகளை அவர் அணைத்து ஆசி கொடுத்தார். முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் பிள்ளைக்கு நல்ல உபதேசியார்கள் பாவப் பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. ஊதாரி மகனைக் கண்டு ஓடிவந்து கட்டிக்கொண்ட தகப்பனின் கதையை முதலில் சொல்கிறார்கள்.

சின்னக் குழந்தைகள் கடவுளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்தவர் சோஃபியா கவல்லெத்தி. விவிலிய அறிஞரான அவர், மரியா மாண்டிசோரியின் வழிவந்த ஜானா கோபியுடன் சேர்ந்து 1954இல் உரோமையில் குழந்தைகளுக்கான மறைக்கல்வி முறை ஒன்றைத் தொடங்கினார். குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற சிறு பீடம், நல்ல ஆயனும் ஆடுகளுமாக மரத்தில் செய்த உருவங்கள், அவசரப்படுத்தாத அமைதி ஆகியவை அங்கே பாடநூலின் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆயன் ஒவ்வோர் ஆட்டையும் பெயர்சொல்லி அழைக்கிறான் என்பதைக் கேட்ட குழந்தைகள் அந்த உருவங்களைத் திரும்பத் திரும்ப நகர்த்தி மகிழ்ந்தார்கள். ஆறு வயதுக்கு உட்பட்டோரின் சொந்தச் செபம் பெரும்பாலும் நன்றியும் புகழ்ச்சியுமாகவே இருப்பதை அவர் கண்டார். ‘அதைக் கொடு, இதைக் கொடு’ என்பதைப் பெரும்பாலும் நாம்தான் பழக்குகிறோம். ‘சாமிகிட்ட நல்ல மார்க் கேளு’ என்று ஆரம்பிக்கும் முன், இன்றைக்கு என்ன நல்லது நடந்தது, யாருக்கு நன்றி சொல்லலாம் என்று கேட்டால் பிள்ளை எறும்பையும் ஐஸ்கிரீமையும் அத்தையையும் ஒரே மூச்சில் சேர்த்துவிடும்.

அப்படியும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. கேட்டது கிடைக்காமலும் போகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது குமரிக் கரையின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவேயில்லை. அவர்களுக்காகச் செபித்த பிள்ளைகளிடம் ‘நல்லா செபிச்சா கேட்டதைக் கொடுப்பார்’ என்று எவரால் மறுபடி சொல்ல முடியும்? பிள்ளை சரியாக வேண்டவில்லை என்ற பழியை அதன் தலையில் கட்டுவது கொடுமை. அப்பா சாமிக்குத் தேவைப்பட்டார் என்பதும் ஆறுதலாகாது. சாமிமேல் பயத்தைத்தான் வளர்க்கும். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவும் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று கெஞ்சினார், அது அகலவில்லை. இதைப் பிள்ளையிடம் சொல்லலாம். சொன்னவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழலாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் பிள்ளையையும் கூட்டிப்போய், கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றும் குடும்பங்கள் அதற்கு ஒன்றைப் பழக்குகின்றன: போனவர்களுக்காகவும் பேச ஓர் இடம் இருக்கிறது.

குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்றும், பெற்றோரைத் தம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை அறிவிக்கும் முதல் ஆள்கள் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொன்னது. சொல்லாலும் முன்மாதிரியாலும் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. லிசியே நகரத்துப் புனித தெரேசா நான்கு வயதில் தாயை இழந்தவர். புனிதர்கள் எப்படிச் செபிப்பார்கள் என்பதை அறியத் தம் தந்தையைப் பார்த்தாலே போதுமாக இருந்தது என்று பின்னாளில் எழுதினார். அந்தத் தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். 2015இல் மனைவி செலியோடு புனிதராக அறிவிக்கப்பட்டார். பிள்ளைகளை முழந்தாளிடச் சொல்லிவிட்டு அப்பா கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தால், செபம் என்பது சின்னவர்களுக்கு வைத்த வீட்டுப்பாடம் என்றே அவர்கள் முடிவுகட்டுவார்கள். வளர்ந்ததும் வீட்டுப்பாடம் முடிந்துவிடும்.

எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். போர்த்துகலின் பாத்திமாவில் 1917இல் மாதாவின் காட்சி கண்டவர்களாகத் திருச்சபை ஏற்றுக்கொண்ட லூசியா, பிரான்சிஸ்கு, ஜசிந்தா மூவரும் ஆடு மேய்க்கும்போது செபமாலை சொல்ல வேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. விளையாட நேரம் வேண்டுமே! ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் சொற்களை மட்டும் சொல்லி விரைவில் முடித்துவிடுவார்கள். இதை லூசியாவே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிரான்சிஸ்குவும் ஜசிந்தாவும் இன்று புனிதர்கள். அக்டோபர் மாதத்துக் குடும்பச் செபமாலையில் மூன்றாம் பத்து மணியிலேயே தூங்கி விழும் ஐந்து வயதுப் பிள்ளையைக் கிள்ளி எழுப்பும் அம்மாக்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் இளகலாம். ஐம்பத்து மூன்று மணிக்கும் அவன் விழித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பத்து மணியை அவனே நடத்தட்டும். யாருக்காக என்று அவனே சொல்லட்டும். பள்ளிப் பேருந்து ஓட்டும் அண்ணனுக்காக, காலொடிந்த பூனைக்காக, ஊருக்குப் போன மாமாவுக்காக. மற்றவர்கள் மறுமொழி சொல்லி முடித்ததும், எல்லாருக்கும் தோத்திரம் சொல்லி, நெற்றியில் ஆச்சியின் கையால் ஒரு சிலுவை வாங்கிக்கொண்டு அவன் படுக்கப் போகலாம். மீதி நான்கு பத்துகளைப் பெரியவர்கள் உட்கார்ந்து சொல்லி முடிக்கட்டும், அவன் காதில் விழும்படி.