முனகும் வண்டியும் மலையேறும் பாதையும்

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெருவைப் பற்றி எழுதியோர் பலர். அதன் நீளம் 321 கிலோமீற்றர் என்பதையும், வழிநெடுக உள்ள கோயில்களையும் குளங்களையும் காடுகளையும் அவர்கள் அழகுற வருணித்திருக்கின்றனர். ஆனால் அத்தெருவைக் காதினால் அறிந்து எழுதியோர் மிகச் சிலரே. பழைய மோட்டார் வண்டியிற் பயணம் செய்வோர்க்கே அந்த வாய்ப்புக் கிட்டுகின்றது. கண்ணாடிகளை மூடிக் குளிர்காற்றில் அமர்ந்து செல்வோர்க்கு எல்லா ஊரும் ஓரூர். எல்லாப் பாலமும் ஒரு பாலம். பழைய வண்டியோ பள்ளத்திற்கு ஒரு குரலும், பாலத்திற்கு ஒரு குரலும், வளைவிற்கு ஒரு குரலுமாகப் பேசிக்கொண்டே செல்லும். அப்பேச்சின் பொருளை அறியாதவர் அஞ்சுவர். அறிந்தவரோ அஞ்ச வேண்டிய இடத்தில் மட்டும் அஞ்சுவர்.

எமது வீட்டில் உள்ள வண்டி 1959 ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000; நான்கு கதவுகள் உடையது. தந்தையார் வாங்கியது. 1990 ஆம் ஆண்டிற்குப் பின்னர் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயால் ஓடிய எண்ணற்ற பழைய வண்டிகளுள் இதுவும் ஒன்று. நோயாளரையும் மணமக்களையும் அது சுமந்திருக்கின்றது. ஆயினும் அண்மைக் காலத்தில் அதன் உடல் முனகத் தொடங்கிற்று. தெருவிற் சிறு மேடு பள்ளம் வந்தாலும் 'கிறீச்' என்றொரு ஒலி. "உடம்பு தளர்ந்துபோன வண்டியில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது, நல்ல விலை கேட்கும்போதே விற்றுவிடுவோம்," என்றார் தமையனார். அம்மாவின் மறுமொழி வேறாக இருந்தது. "நானுந்தான் கதிரையால எழும்பேக்க முனகிறன். என்னையும் வித்துப்போடுவியளோ?"

சிரிப்பு அடங்கியபின் கேள்வி எஞ்சி நின்றது. வண்டி முனகுவது கிழத்தன்மையாலா, நோயாலா? இதனை அறியாமல் விற்பதும் தவறு, வைத்திருப்பதும் தவறு.

இதற்கு விடைகாண, அவ்வண்டியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். அக்காலத்தில் எமது தெருக்களில் மலிந்திருந்த ஒஸ்ரின் ஏ 40 சோமசெற் போன்ற வண்டிகளில், அடியில் ஏணிபோன்ற வலிய இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. உடல் அதன்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். மொறிஸ் மைனரில் அவ்வாறான தனிச் சட்டம் இல்லை. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து 1948 ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் வெளியிடப்பட்ட அவ்வண்டியில் தளம், பக்கங்கள், கூரை யாவும் ஒன்றாக ஒட்டப்பட்டு உடலே சட்டமாகவும் விளங்குகின்றது. வெளியீட்டிற்குச் சிறிது காலம் முன்னர், உடல் ஒடுக்கமாக உள்ளதெனக் கருதிய இசிகோனிஸ், மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். இன்றும் அவ்வண்டியின் முன்மூடியின் நடுவே ஓடும் பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமாகும். 1960 ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தித் தொகை பத்து இலட்சத்தை எட்டியது. பிரித்தானிய வண்டி ஒன்று அத்தொகையை எட்டியது அதுவே முதன்முறை.

பனையோலைக் கடகத்தை நினைத்துப் பாருங்கள். ஓலை ஒவ்வொன்றும் மெல்லியது. நெல்லை நிரப்பித் தூக்கும்போது கடகம் முழுவதும் கிறீச்சிடும். ஆயினும் விளிம்புக் கட்டு உறுதியாக உள்ளவரை அது சுமக்கும். விளிம்பு அவிழ்ந்த கடகமோ ஓசையின்றியே கிழியும். மைனரின் விளிம்புக்கட்டு, கதவுகளின் கீழே முன்னிருந்து பின்னோக்கி ஓடும் பெட்டிபோன்ற தகட்டுப் படிகள்தாம். அவ்விரண்டையும் தளத்தின் கீழுள்ள குறுக்குச் சட்டம் இணைக்கின்றது. முன் சில்லுகளைத் தாங்கும் நீண்ட முறுக்குக் கம்பிகளின் பின்முனைகளும் அச்சட்டத்திலேயே பூட்டப்பட்டுள்ளன. கூரையற்ற மைனர் வண்டிகளைச் செய்தபோது, கூரை தந்த உறுதியை ஈடுசெய்யத் தளப்பகுதியில் மேலதிக வலுவூட்டல் செய்யவேண்டியிருந்தது என்பதிலிருந்து, உடலின் ஒவ்வோர் உறுப்பும் சுமையில் எவ்வளவு பங்கு கொள்கின்றது என்பது விளங்கும்.

கொக்குவிலில் தகடு தட்டித் திருத்தும் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் முனகலைக் கேட்கவேயில்லை. இடப்பக்கக் கீழ்ப்படியைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே சென்றார். ஓரிடத்தில் 'ணங்' என்ற ஒலி 'பொத்' என மாறிற்று. சுரண்டியபோது வெளிப்பட்டது இரும்பன்று, பட்டி. முன்னர் ஒரு பட்டறையில், துருப்பிடித்த தகட்டை வெட்டி நீக்காது, மேலே பட்டி பூசி வர்ணமும் அடித்துத் தந்திருந்தனர். "பவுடர் பூசினால் காய்ச்சல் மாறுமோ, தம்பி?" என்றார் முதியவர். மூன்று கிழமைகள் உழைத்து, பழுதான தகட்டை அறுத்தெடுத்துப் புதிய தகடு ஒட்டினார். ஒட்டுமுன் கதவுகளைப் பூட்டி, உடலைத் தாங்குகட்டைகளின்மேல் நேராக நிறுத்திக்கொண்டார். வளைந்த நிலையில் ஒட்டினால் வளைவே நிலைத்துவிடும் என்பது அவரது விளக்கம்.

வேலை முடிந்தபின்னும் வண்டி முனகிற்று. முதியவர் கலங்கவில்லை. மூன்றாக மடித்த தபாலட்டை ஒன்றைத் தந்து, முன்கதவின் பின்விளிம்பிற்கும் தூணிற்கும் இடையே மேலும் கீழும் செலுத்திக் காட்டினார். இரண்டு இடத்திலும் ஒரே இறுக்கமாகச் சென்றது. "வண்டியின் நடு தாழ்ந்தால் மேல் இடைவெளி நெருங்கும், கீழ் இடைவெளி விரியும். ஓசை வேறு, உறுதி வேறு. மலைக்கு ஒருமுறை போய்வாருங்கள், தெருவே சொல்லும்," என்றார்.

அவ்வாறே 2024 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில், அம்மா, தமையனார், அண்ணியார் ஆகியோருடன் நாம் நுவரெலியாவிற்குப் புறப்பட்டோம். பிள்ளைகளை ஏற்றவில்லை.

விடியற்காலையில் சாவகச்சேரியையும் பளையையும் கடந்து ஆனையிறவை அடைந்தபோது, இருபுறமும் வெளிறிய நீர்ப்பரப்பு விரிந்து கிடந்தது. உப்பளத்தின் பக்கமிருந்து வந்த காற்றில் உதடு கரித்தது. இக்காற்றே எமது வண்டிகளின் பழம்பகை. கீழ்ப்படியின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை சேற்றால் அடைபட்டால், உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் இரும்பை உள்ளிருந்தே தின்னும். வெளியே வர்ணம் பளபளக்கும். உள்ளே ஒன்றும் இராது.

முறிகண்டியில் எல்லா வாகனங்களும்போல எமது வண்டியும் நின்றது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அண்ணியார் கச்சான் வாங்கினார். தமையனாரோ தபாலட்டையுடன் கதவண்டை குனிந்தார். நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே ஓடியிருந்தோம். அட்டை மேலும் கீழும் ஒரே இறுக்கமாகவே சென்றது. ஆனால் பின்பக்கத்தில் ஒலித்த 'கிறீச்' ஒலி மட்டும், வவுனியா தாண்டி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளைவரை எம்மைவிட்டு நீங்கவில்லை.

தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையில் நாலந்தா என்னும் இடத்திலே பழைய கற்கோயில் ஒன்று உள்ளது. திராவிடக் கட்டடப் பாணியில் அமைந்த அக்கோயில், மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது நீரில் மூழ்கவிருந்தது. அதனைக் கல் கல்லாகப் பிரித்து, உயர்ந்த இடத்திற்குக் கொண்டுவந்து, மீண்டும் கட்டியெழுப்பினர். "பழையது என்று விட்டிருந்தால் தண்ணீருக்குள் போயிருக்கும்," என்று அம்மா பொதுவாகச் சொன்னார். தமையனார் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை.

அன்றிரவு மாத்தளையில் உறவினர் வீட்டிலே தங்கி, மறுநாள் கண்டியையும் கம்பளையையும் கடந்து மலையேறினோம். புசல்லாவையை அணுகியபோது சித்திரை மாதத்துப் பிற்பகல் மழை கொட்டிற்று. தேயிலைக் கொழுந்துகள் கழுவப்பட்டு மின்னின. தெருவெங்கும் நீர் ஓடியது. அப்போதுதான் ஒரு புதுமையை உணர்ந்தோம். பின்பக்கத்து முனகல் நின்றுவிட்டது! இறம்பொடையில் 2008 இல் திறக்கப்பட்ட சுரங்கப் பாதையினுள் நுழைந்தபோது, மூச்சை அடக்கிக் காதைத் தீட்டினோம். சுவர்களில் மோதித் திரும்பியது இயந்திரத்தின் ஒலி ஒன்றே.

காரணம் எளிது. வண்டியின் பின்புறத்தைத் தாங்கும் வில்லுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுத் தகடுகளால் ஆனவை. உலர்ந்த தகடுகள் ஒன்றையொன்று பற்றுவதும் வழுக்குவதுமாக உராயும்போது, வயலின் நரம்பில் வில் இழுபடுவதுபோல் ஒலி எழும். நீர் பட்டதும் உராய்வு குறைந்து ஒலி அடங்கும்; உலர்ந்ததும் திரும்ப வரும். இம்முனகலுக்கும் உடலின் உறுதிக்கும் தொடர்பே இல்லை.

எனினும் உண்மையான சோதனை இறம்பொடைக்கு மேலேதான் காத்திருந்தது. கொண்டை ஊசிபோல் மடிந்து ஏறும் வளைவுகளில், ஒரு முன்சில்லு உயர, மற்றது தாழ, வண்டி ஈரத்துணிபோல் முறுக்குண்ணும். மூன்றாவது வளைவில், இடப்பக்கத் தூணிலிருந்து ஆழ்ந்த முனகல் ஒன்று கேட்டது. திருத்திய பக்கமும் அதுவே. எவரும் பேசவில்லை. தமையனார் ஓரமாக ஒதுக்கி, ஒரு சில்லு மேட்டில் ஏறியிருந்த அந்நிலையிலேயே வண்டியை நிறுத்தினார். மழைத் தூறலில் இறங்கிக் கதவைத் திறந்தார், திறந்தது. மூடினார், தூக்கவோ தள்ளவோ வேண்டாமல் மூடியது. தபாலட்டை மேலும் கீழும் முன்போலவே சென்றது. முறுக்குண்ட நிலையிலும் உடல் தன் வடிவை இழக்கவில்லை. "ஏறுங்கோ," என்றார். அவருடைய முகத்திலிருந்து கடுமை நீங்கியிருந்ததை அப்போதுதான் கண்டோம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. மறுநாட் காலைக் குளிரில் அந்தத் தூணின் முனகல் மேலும் பலத்தது. வெயில் ஏறியதும் மெலிந்தது. குளிரில் இறுகி வெப்பத்தில் இளகுவது றப்பர். ஆகவே கதவைச் சுற்றியுள்ள றப்பர்ப் பட்டியிலே சுண்ணக்கட்டித் தூளைத் தடவி, ஏரிக்கரையைச் சுற்றிவந்தோம். ஓரிடத்தில் மட்டும் தூள் துடைக்கப்பட்டிருந்தது. காய்ந்த றப்பர் வர்ணத்தில் உராய்ந்ததே அம்முனகல். அவ்விடத்தைச் சவர்க்கார நீரால் கழுவியதும் ஒலி பாதியாகக் குறைந்தது. எண்ணெயோ கிறீசோ பூசவில்லை; அவை பழைய றப்பரைக் கெடுத்துவிடும்.

திரும்பி வந்ததும் முதியவரிடம் யாவற்றையும் கூறினோம். அவர் கடைசியாக ஒரு சோதனை செய்தார். கீழ்ப்படியின் அடியிலே ஜாக்கியை வைத்து மெல்ல உயர்த்தினார். தகடு மட்டும் மேலே நசுங்கிச் சென்று சில்லு நிலத்திலேயே நின்றால் உள்ளே துரு என்று பொருள். சில்லு உடனே எழுந்தது. அதைக் கண்டபின் விற்பனைப் பேச்சு முடிவுற்றது; ஆண்டுதோறும் மாரி முடிந்ததும் இச்சோதனையைச் செய்தல் வேண்டும் என்ற நிபந்தனையைத் தமையனார் விதித்தார். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் பின்னாசனத்தில் ஏறினார்கள்.

பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தவர்க்கு இப்பயணம் தந்த பயன் இதுதான்: மழையில் மாறுவது வில்லின் குரல், வெயிலில் மாறுவது றப்பரின் குரல். இவற்றை நாளடைவில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் கதவைத் தூக்கி மூடவேண்டிய நாள் வருமாயின், வண்டி ஓசையே எழுப்பாவிட்டாலும், அன்றே அதனை நிறுத்திவிடுங்கள்.