இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன ஊர்

"கம்பெனி செலவுல அகமதாபாத்" என்று ஸ்டேட்டஸ் போட்டதும் பாதி கிளாஸ் ட்ரீட் கேட்டது. நீங்களும் கேட்டிருப்பீங்க. ஆனா நான் போனது வத்வா என்கிற தொழிற்பேட்டைக்கு. கோயம்புத்தூர்ல எந்தத் தொழிற்பேட்டையைப் பார்த்திருந்தாலும் வத்வாவைப் பார்த்த மாதிரிதான்: லாரி, புழுதி, டீக்கடை, ஷட்டர். ஒரு பிரஷர் வெசலுக்கு ஹைட்ரோ டெஸ்ட். உள்ளே தண்ணி நிரப்பி, டிசைன் பிரஷருக்கு மேலே ஏத்தி, கேஜ் முள் இறங்காம நிக்குதான்னு பார்க்கணும். மூணாவது வருஷம் தியரியா படிச்சதை நேர்ல பார்த்தா, முக்கால்வாசி நேரம் காத்திருக்கறதுதான் வேலை.

இதுக்கு நடுவுல எனக்கு இன்னொரு கணக்கும் ஓடிக்கிட்டிருந்தது. இன்டர்ன்ஷிப் முடிஞ்சதும் வேலை தர்றதா கம்பெனியில சொல்லிட்டாங்க. ஜாயினிங் லொகேஷன் அகமதாபாத். திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன், கோயம்புத்தூர்ல இடமே இல்லையாமா?" அம்மா கேட்கவே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம். அதனால நான் ஊர் சுத்தினது டூரிஸ்ட் மாதிரி இல்லை. வாடகைக்கு வீடு பார்க்கறவங்க குழாயைத் திருகிப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி.

வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு வேலை முடிஞ்சது. கூட வந்த சீனியர் மேடத்துக்கு ரிப்போர்ட் எழுத வேண்டியிருந்தது. "நீ போய்ட்டு வாம்மா, ஒன்பது மணிக்கு ஒரு போன் மட்டும் பண்ணிடு" என்றார். இந்த மாதிரி ரெண்டு மூணு மணி நேரம் கிடைச்சா பத்து இடத்தை லிஸ்ட் போடாதீங்க. ஒரே ஒரு ஏரியாவை எடுத்து நடங்க. அகமதாபாத்துக்கு நான் சொல்ற பாதை இது: சித்தி சையத் மசூதியில் ஆரம்பிச்சு, பத்ரா கோட்டை, தீன் தர்வாஜா, ஜும்மா மசூதி வழியா மானேக் சௌக். எல்லாமே நடக்கற தூரம்.

சித்தி சையத் மசூதி 1573-ல் கட்டியது. சின்னதுதான். அதோட ஜன்னல்தான் விஷயம். ஒரு மரம், அதோட கிளைகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுப் போறது, எல்லாமே கல்லில் குடைஞ்ச சல்லடை. ஐஐஎம் அகமதாபாத்தோட லோகோ இதிலிருந்து வந்ததுதான். நம்ம ஊர் கோயில் தூணில் கல்லைச் செதுக்கிச் சிற்பம் பண்ணுவாங்க. இங்கே கல்லை எடுத்துட்டு, மிச்சத்தை விட்டிருக்காங்க. வெளியே ரோட்டில் நின்னே பார்க்கலாம். சுத்தி ஹார்ன் சத்தம் காதைக் கிழிக்கும், அதைப் பொறுத்துக்கணும்.

நடக்கும்போது கடை போர்டுகளைப் படிக்க ட்ரை பண்ணேன். ஸ்கூல்ல ஹிந்தி செகண்ட் லாங்குவேஜ். குஜராத்தி எழுத்து ஹிந்தி மாதிரியேதான், தலைக்கோடு மட்டும் கிடையாது. பாதிக்குப் பாதி படிக்க முடிஞ்சது. அர்த்தம் புரிஞ்சதா என்பது வேற விஷயம். (தமிழ் போர்டையும் நான் கொஞ்சம் நிதானமாத்தான் படிப்பேன். இந்தக் கட்டுரையை டைப் பண்ண எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எடிட்டருக்குத் தெரியும்.)

மானேக் சௌக் காலையில் காய்கறி, பகலில் தங்கம் வெள்ளி, ராத்திரி சாப்பாடு. ஒரே இடம், மூணு ஷிப்ட். நகைக்கடை ஷட்டர் இறங்கினதும் அதுக்கு முன்னாடியே பெஞ்ச் போட்டுடறாங்க. குவாலியர் தோசைன்னு ஒண்ணு விக்கறாங்க. வெண்ணெய், காய்கறி, அதுக்கு மேலே சீஸைத் துருவி மலை மாதிரி கொட்டறாங்க. அதைத் தோசைன்னு ஒத்துக்க மாட்டேன். ஆனா நல்லாத்தான் இருந்தது.

அங்கே நான் நிஜமா பார்த்தது வேற. மணி ஒன்பது தாண்டிடுச்சு. மேடத்துக்கு போன் பண்ணி இன்னும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். பக்கத்து டேபிளில் ஒரு பாட்டி, மருமகள், ரெண்டு குட்டிப் பசங்க. எதிரில் என் வயசுல மூணு பொண்ணுங்க, முகத்தைச் சுத்தியிருந்த துப்பட்டாவை அவிழ்த்துப் போட்டுட்டு, ஸ்கூட்டி சாவியை டேபிளில் வச்சுட்டுப் பேசிக்கிட்டிருந்தாங்க. பத்து மணிக்கும் யாரும் எழுந்திருக்கற மாதிரி தெரியலை. ஒரு ராத்திரி பார்த்ததை வச்சு ஊர் பாதுகாப்பானதுன்னு எழுத மாட்டேன். ஆனா அந்த நேரத்துல தனியா உட்கார்ந்து சாப்பிட்டவளை யாரும் திரும்பிப் பார்க்கலை. அப்பாகிட்ட சொல்றதுக்கு என்கிட்ட இருந்த ஒரே டேட்டா அதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கே கேஜ் முள் எங்களை விட்டுடுச்சு. இந்த முறை மேடமும் வந்தார். கேப் பிடிச்சு வடக்கே அடாலஜ் போனோம், ஊரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். 15-ஆம் நூற்றாண்டு கடைசியில் கட்டின படிக்கிணறு, அஞ்சு அடுக்கு ஆழம். மேலே இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது, தரையில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். படி இறங்க இறங்க வெயில் குறைஞ்சு உடம்பு குளிர்ந்துடும். நான் சிற்பத்தைப் பார்த்துக்கிட்டிருக்க, மேடம் குறுக்கே போற கல் உத்தரங்களைக் காட்டினார். ரெண்டு பக்கமும் மண் உள்ளே தள்ளும் இல்லையா? அந்தச் சுவர்கள் சாயாம பிடிச்சிருக்கறது இந்தத் தூணும் உத்தரமும்தான். அலங்காரம்னு நான் நினைச்சது லோடு எடுத்துக்கிட்டு நிக்குது. தண்ணி எடுக்க வந்தவங்க பெரும்பாலும் பெண்கள். அவங்க உட்கார்ந்து பேசினதும் இங்கேதானாம்.

திரும்பற வழியில் சபர்மதி ஆசிரமம். 1930 மார்ச் 12 அன்று காந்தி தண்டிக்குக் கிளம்பினது இங்கிருந்துதான், அப்புறம் அவர் இங்கே வந்து வசிக்கவே இல்லை. மியூசியம் சார்லஸ் கொரியா டிசைன் பண்ணது, 1963-ல் திறந்தது. ஓட்டுக்கூரை, திறந்த முற்றம், ஏசி தேவைப்படாத கட்டிடம். ஆர்க்கிடெக்சர் ஃப்ரெண்ட்ஸ் இருந்தா கூட்டிட்டுப் போங்க. ரிவர்ஃப்ரண்ட் எனக்கு அவ்வளவா பிடிக்கலை. நீளமா சிமெண்ட் கரை, நடுவில் தண்ணி. அந்தத் தண்ணியும் நர்மதா கால்வாயிலிருந்து வர்றது. சாயங்காலம் வாக்கிங் போகலாம், அதுக்கு நல்ல இடம்தான்.

ஹோட்டலுக்கு வர்ற வழியில் மேடத்திடம் கேட்டேன், "நீங்களா இருந்தா வருவீங்களா மேடம்?" அவர் முதல் வேலைக்குப் புனே போனவர். "மணிநகர் பக்கம் ரூம் பாரு. தமிழ்க்காரங்க நிறைய இருக்காங்க, வத்வாவும் கிட்ட" என்றார். போகலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு அவர் பதிலே சொல்லலை, கவனிச்சீங்களா?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லா போட்டோவையும் காட்டினேன். அப்பா படிக்கிணறு போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். மானேக் சௌக் போட்டோவில் டைம் என்னன்னு கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "மே மாசம் அங்கே எத்தனை டிகிரி?" என்றார். நாற்பதைத் தாண்டும்னு சொன்னேன். "பருத்தித் துணியா நாலு செட் எடுக்கணும்" என்றது அம்மா.

மெயிலைத் திங்கட்கிழமை காலையில் அனுப்பிட்டேன்.